பார்லி நாக்கும் சோளத்தின் புளிப்பும்

50-க்கு 17. பிள்ளைச்சாவடியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஒன்றில், குளூட்டன் இல்லாத சோள பீர் ஒன்றுக்கு எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் இட்ட மதிப்பெண் அது. மற்றவர்கள் அனைவரும் தலையசைத்தோம். அந்தத் தலையசைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடந்ததைச் சொல்லிவிடுவது நல்லது. எங்களுள் ஒருவருக்குச் சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களின் குளூட்டன் புரதம் உள்ளே போனால், அவருடைய நோயெதிர்ப்பு மண்டலமே அவருடைய சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கும். தென்னிந்தியாவில் இந்நோய் வடக்கைக் காட்டிலும் மிக அரிது. ஆகவே பரோட்டா வேண்டாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் 'டயட்டா?' என்ற கேள்வியையே பதிலாகப் பெற்றுவருகிறார். பீர் பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது. எனவே அதுவும் அவருக்கு விலக்கு. வெளிநாட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அவருக்காக இரண்டு குப்பி சோள பீர் வாங்கிவந்திருந்தார். கூட்டம் முடிந்து, கவிதை பற்றிய வழக்கமான சண்டையும் ஓய்ந்த பின், முதல் குப்பி திறக்கப்பட்டது.

பீர் நடுவர்களுக்கான கையேடுகளைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் எங்களிடையே இருக்கிறார். அமெரிக்காவில் உருவான பி.ஜே.சி.பி. எனும் நடுவர் அமைப்பின் மதிப்பீட்டுத் தாளை அவர் எடுத்து வைத்தார். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் பதத்துக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10 என்று வகுக்கப்பட்ட தாள் அது. நுரை நிற்கவில்லை, கழித்தார். அடர்த்தி போதவில்லை, கழித்தார். நாக்கின் ஓரத்தில் புளிப்பு, விழுங்கிய பின் இரும்பை நக்கியது போன்ற ஒரு கசிவு, மேலும் கழித்தார். 14 முதல் 20 வரை 'சுமார்' என்னும் வகுப்பு. 17 அதில் அடங்கியது. குப்பிக்கு உரியவர் தம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எதுக்குப் பக்கத்துல வச்சு 17?"

எங்களில் எவரிடமும் பதில் இல்லை. இலக்கிய விமர்சனத்தில் இருபது வருடமாக இதே கேள்வியை மற்றவர்களிடம் கேட்டுவந்தவர்கள் நாங்கள் என்பதுதான் இதில் வெட்கக்கேடு.

பதில் எளியதுதான். வெளிறிய பொன்னிறத்தில், பளிங்குபோலத் தெளிந்து, மேலே வெள்ளை நுரையோடு வரும் பார்லி லாகருக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அந்த 17. அந்த வகை பீருக்கு வயது இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை. 1842-இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் அது பிறந்தது. அதற்கு முன்பும், அதற்கு அப்பாலும், தானியத்தை முளைகட்டிப் புளிக்கவைத்துக் குடித்த மனிதர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஆயினும் அந்த ஒரு நகரத்தின் ஒரு பானம் 'பீர்' என்ற சொல்லின் முழுப் பொருளாகவும் ஆகிவிட்டது. மற்றவை எல்லாம் அதன் அருகில் நின்று உயரம் அளக்கப்படுகின்றன.

சோளத்தைப் பார்லியாக நடிக்கச் சொன்னால் அது ஏன் தோற்கிறது என்பதற்குக் காரணங்கள் அதன் உடலிலேயே இருக்கின்றன. பார்லியின் மாச்சத்து 60 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே இளகிவிடும். அந்தச் சூட்டில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகளும் உயிரோடிருக்கும். சோளத்தின் மாச்சத்து இளகுவதற்கு 70 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். அதற்குள் நொதிகளுள் முக்கியமான ஒன்று பெரும்பாலும் செத்துப்போகும். முளைச்சோளத்தில் அது இருப்பதே குறைவு. பார்லிக்கு ஒட்டிய உமி உண்டு, கூழை வடிகட்டும்போது அந்த உமியே சல்லடையாக நிற்கும். சோளத்துக்கு அது இல்லை; கூழ் கூழாகவே அடைத்துக்கொள்ளும். நுரையைத் தாங்கிப்பிடிப்பவை பார்லியின் சில புரதங்கள். சோளத்தின் புரதம் அந்த வேலைக்கு ஆகாது. போதாக்குறைக்கு, முளைவிட்ட சோளத்தின் குருத்தில் சயனைடைத் தரும் பொருள் ஒன்று இருக்கிறது. இளஞ்சோளப் பயிரில் மாட்டை மேயவிடாதே என்று நம் கரிசல்காட்டு விவசாயி எச்சரிப்பது இதே நஞ்சைத்தான். சோளத்தைப் பானமாக்கத் தெரிந்தவர்கள் இத்தனையையும் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வேறொரு வழியில் போனவர்கள்.

அந்த வழி ஆப்பிரிக்காவில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் உம்கொம்போத்தியில் சோள முளைமாவும் மக்காச்சோள மாவும் சேரும். முதலில் கூழ் புளிக்கவிடப்படும். இங்கே வேலை செய்வது தயிரைத் தயிராக்கும் இனத்து நுண்ணுயிர். பிறகு அது வேகும், ஆறும், மறுபடி முளைமாவு சேரும், அதன் பிறகே ஈஸ்ட். வடிகட்டியும் அது தெளிவதில்லை. இளஞ்சிவப்பும் பழுப்புமாக, மாவுத்துகள் மிதக்க, இன்னும் நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் குடிக்கிறார்கள். போதை 2, 3 விழுக்காடு அளவில்தான். ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். ஜாம்பியாவிலும் சிம்பாப்வேயிலும் இதன் ஆலைவடிவம் அட்டைப்பெட்டியில் வருகிறது. அடியில் தங்கிய மாவைக் கலக்குவதற்காகக் குலுக்கியே குடிக்க வேண்டும் என்பதால் அதற்கு 'ஷேக் ஷேக்' என்றே பெயர். புர்க்கினா ஃபாஸோவில் செஞ்சோளத்திலிருந்து டோலோ, அதைக் காய்ச்சுவோர் பெண்கள். சூடானில் மெரிசா. இவை எவற்றிலும் புளிப்பு குற்றம் அன்று. புளிப்பு இல்லையென்றால்தான் பானம் தேறவில்லை என்று பொருள்.

எங்கள் நடுவர் நண்பரின் கையேட்டை அன்றிரவே வாங்கிப் புரட்டினோம். 2021-ஆம் ஆண்டின் பதிப்பு. ஜெர்மனியின் கோஸே இருக்கிறது. புளிப்பும் உப்பும் அதற்கு இலக்கணம். பெர்லின் நகரத்துப் புளித்த கோதுமை பீர் இருக்கிறது. பெல்ஜியத்தின் லாம்பிக் இருக்கிறது. குதிரைக் கொட்டில் வாடையைக்கூட அதில் குணமாகக் கொள்ளலாம். பின்லாந்துக் கிராமத்தார் வீட்டில் காய்ச்சும் சாத்தி கூட வரலாற்றுப் பீர்கள் என்ற தலைப்பில் அமர்ந்திருக்கிறது. ஒரு கண்டத்தின் பெரும்பகுதி குடித்துவரும் சோளத்தின் பானத்துக்கு அங்கே தனி இலக்கணம் இல்லை. 'மாற்றுத் தானிய பீர்' என்ற பொதுத் தொழுவம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். அதன் விதியும், ஏதாவது ஒரு அடிப்படை வகையைச் சொல்லி, அதன்மேல் தானியத்தின் சாயல் தெரிகிறதா என்று பார்ப்பதுதான். பெர்லினின் புளிப்புக்குப் பெயர் இருக்கிறது. சொவேட்டோவின் புளிப்பு கழித்தற்குறியாகிறது. இதை நாவின் நுட்பம் என்று அழைப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

மாடியில் நாங்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் கீழே வேறொரு மதிப்பீடு நடந்துகொண்டிருந்தது. தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாள். நண்பரின் ஆயா ஒரு வாய் கூழைக் குடித்துப்பார்த்துவிட்டு மருமகளிடம், "இன்னும் எறங்கல, முந்தாநேத்தே கரைச்சு வச்சிருக்கணும்மா" என்றார். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு காய்ச்சிய கூழ். புளிப்பு எவ்வளவு இறங்க வேண்டும், எந்தப் பதத்தில் கட்டியாகும், எந்த வெயிலில் எத்தனை மணி நேரத்தில் கெடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தாளில்லாத நடுவர் அவர். நாங்கள் மேலே எடுத்துப்போன குப்பியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கூழைக் குடித்து வளர்ந்த நாக்குகள்தாம் மாடியில் இருந்த எங்கள் நாக்குகளும். புளித்த தானியத்தை வாழ்நாளெல்லாம் விரும்பிக் குடித்துவிட்டு, அதுவே கண்ணாடிக் குப்பியில் வந்ததும் 'புளிப்பு, கழி' என்று சொல்ல எப்போது பழகினோம்?

பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பைப் பாடும் இடத்தில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையையே தந்திருக்கிறார். அரிசிக் கூழை அகன்ற தட்டில் ஆறவிடுகிறார்கள்; உரை சொல்லும்படி, முளைநெல்லை இடித்து அதில் கலக்கிறார்கள்; இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைக்கிறார்கள்; விரலால் அலைத்து வடித்து, சுட்ட மீனோடு தருகிறார்கள். முளைகட்டிய தானியத்தின் நொதியால் வெந்த மாவைச் சர்க்கரையாக்கும் இந்த வேலைக்குப் பீர் காய்ச்சுதல் என்பதன்றி வேறு பெயரில்லை. அதுவும் குளூட்டன் இல்லாத பீர்! சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினத்தில் நுளைமகள் வடித்த தேறலும் உண்டு. எயிற்பட்டினம் என்பது பிள்ளைச்சாவடிக்கு வடக்கே இதே கடற்கரையில் உள்ள மரக்காணம் எனப் பலர் கருதுகின்றனர்.

இதைச் சொன்னதும் கைதட்ட ஒரு கூட்டம் தயாராக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களோடும் எங்களுக்குச் சண்டை உண்டு. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் இந்திய அரசு அவற்றுக்கு 'ஸ்ரீ அன்னம்' என்று பட்டமும் சூட்டியது. அது முதல் சோளம் எது செய்தாலும் சரி, முன்னோர் அறிவு, உடலுக்கு நல்லது என்ற பஜனை ஓயவில்லை. சங்கப் பாட்டில் உள்ளது அரிசி, சோளம் அல்ல. சோளமே ஆப்பிரிக்காவின் வடகிழக்கிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த விருந்தாளி. தமிழ்நாட்டில் சோள பீர் மரபு ஒன்று இருந்ததாக நாங்கள் கூறவில்லை. அப்படிக் கூறுவோரிடம் சான்று கேட்போம். கெட்டுப்போன பானத்தை 'பாரம்பரியம்' என்று சொல்லி விழுங்கச் செய்வதும், நல்ல பானத்தை 'லாகர் அல்ல' என்று சொல்லித் துப்பச் செய்வதும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரு முகங்கள். இரண்டு தரப்பும் தம்ளரில் இருப்பதைக் குடிப்பதில்லை.

அப்படியானால் அன்று தம்ளரில் இருந்தது நல்ல பானமா? இல்லை. இங்கே நடுவர் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. அது பெரும்பாலும் சோளப்பாகிலிருந்து செய்யப்பட்டது. முளைகட்டும் தொல்லையும் வடிகட்டும் தொல்லையும் வேண்டாம் என்று ஆலைகள் தேர்ந்த குறுக்குவழி. அந்த இரும்பு வாடைக்குப் பாகின்மீதே பலரும் பழி சொல்கிறார்கள். மேலும் அது தன்னைச் சோளமாகக் காட்டவே கூசியது. 2006-இல் அன்ஹைசர்-புஷ் நிறுவனம் ரெட்பிரிட்ஜ் என்ற சோள பீரை அமெரிக்கா முழுவதும் விற்கத் தொடங்கியது. 2007-இல் அந்நாட்டின் பெரும் பீர் விழாவில் குளூட்டன் இல்லாத பீருக்கென்று தனிப் பிரிவு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பிரிவின் பெயரைக் கவனியுங்கள். ஒரு பானத்தின் அடையாளமே அதில் இல்லாத ஒன்றாக இருக்கிறது. கள்ளைக் 'குளூட்டன் இல்லாதது' என்று யாரும் அழைப்பதில்லை, இளநீரையும் அழைப்பதில்லை. இல்லாமையைப் பெயராகச் சூட்டிக்கொண்ட பானம், இருப்பதைப் போல நடித்துத்தான் தீர வேண்டியிருக்கிறது. அந்த நடிப்புக்குத்தான் 17. நடிகரைக் குறைசொன்ன நாங்கள், வேடம் போட வைத்தவர்களை விட்டுவிட்டோம்.

வேறு வரலாறும் உண்டு. 1988-இல் நைஜீரியா பார்லி இறக்குமதியைத் தடைசெய்தது. ஆலைகள் வேறு வழியின்றிச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின, வெளியிலிருந்து நொதிகளை வாங்கிச் சேர்த்தன, மக்கள் குடித்தார்கள். தடை நீங்கிய பின்னும் சோளம் அங்கே ஆலையை விட்டுப் போகவில்லை. உகாண்டாவில் 2002 முதல் எபுரிபுர் என்ற வெண்சோள வகையை உள்ளூர் உழவரிடம் வாங்கி ஈகிள் லாகர் செய்கிறார்கள். அங்கெல்லாம் அது நோயாளியின் பானம் அல்ல, ஊராரின் பீர்.

இந்த அளவுகோல் விவகாரம் வெறும் ரசனைத் தகராறு என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பார்லியிலேயே காய்ச்சி, பின்னர் ஒரு நொதியைச் சேர்த்துக் குளூட்டனைத் துண்டு துண்டாக வெட்டிவிடும் பீர்களும் சந்தையில் உண்டு. சுவையில் அவை அசல் பார்லி பீர்தான். எங்கள் தாளில் அவை 30-ஐத் தாண்டும். ஆனால் வெட்டுண்ட துண்டுகளை வழக்கமான சோதனைகள் சரிவர அளக்க முடிவதில்லை. அதனால்தான் 2020-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், நொதித்த உணவுக்கு 'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரை வேண்டுமானால், நொதிக்கும் முன்பே மூலப்பொருள் அந்தத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. இங்கும் அங்கும் வரம்பு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். பார்லி நாக்கு அதிக மதிப்பெண் கொடுத்து முதலிடத்தில் நிறுத்தும் குப்பிதான் எங்கள் நண்பரின் குடலுக்கு ஐயத்துக்கிடமானது. அது 'சுமார்' என்று ஒதுக்கிய சோளக் குப்பி பாதுகாப்பானது. குளூட்டன் இல்லை என்பது மருத்துவ உண்மை. அதை ஆய்வகம் சொல்லட்டும், கறாராகச் சொல்லட்டும். சுவை வேறு வழக்கு. இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தித் தீர்ப்பு எழுதும் நாளில் பலியாவது அவரைப் போன்றவர்களே.

சோள பீரை யார் காய்ச்சலாம், யார் தீர்ப்பளிக்கலாம் என்பதில் அதிகாரம் எப்போதும் மூக்கை நுழைத்தே வந்திருக்கிறது. 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நேட்டாலில், 1908-இல் ஒரு சட்டம் வந்தது. டர்பன் நகராட்சி சோள பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோகத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. வீட்டில் காய்ச்சிய ஆப்பிரிக்கப் பெண்கள் குற்றவாளிகள் ஆனார்கள். நகராட்சி பீர்க்கூடங்களில் ஈட்டிய பணத்தைக் கொண்டே ஆப்பிரிக்கர்களை அடக்கி ஆளும் நிர்வாகம் நடந்தது. வரலாற்றாசிரியர்கள் இதற்கு 'டர்பன் முறை' என்றே பெயரிட்டிருக்கிறார்கள். 1929-இல் பீர்க்கூடப் புறக்கணிப்பு கலவரத்தில் முடிந்தது. 1959 ஜூனில், இந்தியக் குடும்பங்கள் பல நிலம் வைத்திருந்த கேட்டோ மேனரில், பெண்கள் கழிகளோடு பீர்க்கூடத்துக்குள் புகுந்து பானத்தைக் கவிழ்த்தார்கள். சோளம் நல்ல பானமாகுமா என்று கேட்கும் தாள் எதுவும் அந்தப் பெண்களிடம் இல்லை. தாங்கள் காய்ச்சிக்கொண்டிருந்த பானத்தை, தங்களைத் தண்டித்துவிட்டுத் தங்கள் கணவன்மாருக்கே விற்றவர்கள் மீதுதான் அவர்கள் கோபம்.

நமக்கு இது தொலைதூரக் கதை அன்று. பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சற்றே நடந்தால் பொம்மையார்பாளையம், அது விழுப்புரம் மாவட்டம். இந்தப் பக்கத்தில் கள் சட்டப்படி ஏலக்கடையில் விற்கப்படுகிறது. அந்தப் பக்கத்தில் 1987 முதல் அதற்குத் தடை. ஒரே பனை, ஒரே கடல், ஒரே மீன்குழம்பு. கோட்டைத் தாண்டியதும் ஒரு பானம் குற்றமாகிவிடுகிறது. பார்லி பீரோ கோட்டின் இரு பக்கமும் தடையின்றிக் கிடைக்கிறது. நாக்கின் பயிற்சி இயற்கையாக வந்தது என்று நம்புகிறவர்கள் இந்தச் சாலையில் ஒரு முறை நடந்து பார்க்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்றது என்று புதுச்சேரி தன் சுற்றுலா விளம்பரங்களில் மஞ்சள் சுவர்களையும் வளைவு வாசல்களையும் காட்டுகிறது. அவர்களிடம் கற்றிருக்கத்தக்க ஒன்று வேறு. நார்மாண்டியின் ஆப்பிள் மதுவை எந்தப் பிரெஞ்சுக்காரனும் தோற்றுப்போன போர்தோ ஒயின் என்று சொல்லமாட்டான். ஒரு மண்ணில் விளைந்ததை அந்த மண்ணின் விதிப்படி சுவைப்பதை 1935 முதல் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் அவர்கள். சுவருக்கு வண்ணம் பூசுவது இதைவிட எளிது, ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டாவது குப்பியை மறுநாள் மதியம் திறந்தோம். பனிக்கட்டிபோலக் குளிரவைக்கவில்லை, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும் என்று விட்டோம். ஆயாவின் கூழ் அதற்குள் நன்றாக இறங்கியிருந்தது, வறுத்த நெத்திலிக் கருவாடும் இருந்தது. நடுவர் நண்பர், பிடிவாதக்காரர் ஆயினும் நேர்மையானவர், புதிய தாள் ஒன்றை எடுத்தார். மணம் என்ற இடத்தில் 'நீராகாரம். சோளத்தட்டையைக் கடித்த இனிப்பு' என்று எழுதினார். நுரை என்ற வரியை அடித்தார். இரும்பு வாடையை இம்முறையும் விட்டுவைக்கவில்லை; அது ஆலையின் குறை, தானியத்தின் குறை அன்று என்று ஓரத்தில் குறித்தார். கருவாட்டோடு அந்தப் புளிப்பு நன்றாகவே சேர்ந்தது. மொத்த மதிப்பெண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது. குப்பிக்கு உரியவர் மிச்சத்தைத் தம் தம்ளரில் ஊற்றிக்கொண்டு, இதே சோளத்தைப் பாகாக்காமல் முளைகட்டிச் செய்த ஒன்று எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.